அப்பாவின் ஆனைக்கால் பூட்ஸ்

அன்றைக்கு அந்தத் தார்ப்பாயைச் சுற்றி இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர்: அப்பா, அம்மாவின் தம்பி காளி மாமா, ஒன்பது வயது நான், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்த பழைய பட்டாளத்துக்காரர். பங்குனி மாதம். ஜமுனாமரத்தூர் சந்தை முழுக்கப் புளி வாடை அடித்துக்கொண்டிருக்க, அந்த ஒரு மூலையில் மட்டும் வெயிலில் காய்ந்த ரப்பரின் வாடை. அம்மா வரவில்லை, புளி உடைக்கும் வேலைக்குப் போயிருந்தாள். ஐந்தாவதாக யாராவது ஒருவர் அங்கே இருந்து, இது வேண்டாம், வேறு பிழைப்பைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று இந்த வயதிலும் அவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எத்தனை முறை எண்ணினாலும் நான்கு பேர்தான்.

எழுபத்தேழோ எழுபத்தெட்டோ, சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பா ஏரியில் மீன் பிடிப்பவர். எங்கள் ஊருக்குக் கீழே ஒரு சின்ன ஏரி உண்டு. அதில் கெளுத்தியும் குரவையும் கெண்டையும் பிடித்து, சுற்றியுள்ள ஊர்களில் கொடுத்துச் சாமையோ ராகியோ வாங்கி வருவார். அவருக்குப் பெருநோய், அதாவது தொழுநோய் வந்து, அடிவாரத்து ஆஸ்பத்திரி மாத்திரையில் நின்றுபோயிருந்தது. நோய்தான் நின்றதே தவிர, போன உணர்ச்சி திரும்பவில்லை. இரண்டு காலும் முழங்கால் வரை மரத்துக் கிடந்தன. விரல் நுனிகளும் அப்படியே. "இனிமே யாருக்கும் ஒட்டாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியும், எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் குடிக்காமலேதான் இருந்தார்கள். மீனை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள் அப்பா ஏரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது, அவர் நடந்து வந்த தடமெல்லாம் சிவப்பாக இருந்தது. உள்ளங்காலில் ஒரு நத்தை ஓடு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அவரோ கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னிக்கி நல்லா வுழுந்திச்சி" என்று மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தார். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், இனி வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று. அவர்கள் கொடுத்த செருப்பு நடக்கத்தான் உதவியது, சேற்றில் வைத்தால் கழன்று போனது. அதனால்தான் அந்தத் தார்ப்பாய்க்கு முன்னால் போய் நின்றோம்.

பட்டாளத்துக்காரர் கண்ணமங்கலம் பக்கத்து ஆள். பழைய கம்பளி, ஜெர்கின், தண்ணீர் டப்பா எல்லாம் பரப்பி வைத்து விற்பார். தொடை வரைக்கும் ஏறுகிற, இடுப்பில் வாரால் கட்டிக்கொள்கிற ரப்பர் பூட்ஸ் அவரிடம் மூன்று ஜோடி இருந்தது. காளி மாமா பளபளவென்று இருந்த பச்சை ஜோடியைத் தூக்கினார்.

"அத எடுக்காத. பளபளன்னு கீறதெல்லாம் எண்ணெ தடவி வெச்சது. மடிச்சிப் பாரு."

மாமா மடித்தார். மடித்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விட்டது.

"வித்துக்கினு நீயே கொற சொல்றியே? பொழைக்கத் தெரியாத ஆளா கீறியே" என்று மாமா சிரித்தார்.

"நான் வாரா வாரம் இங்கதான்பா வரணும். ஒங்க ஊர்ல ஆளுக்கொரு அருவா வெச்சினு கீறீங்க."

அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்களில் அது ஒன்று. பிறகு பட்டாளத்துக்காரர் ஒட்டுப்போட்ட கறுப்பு ஜோடி ஒன்றை எடுத்து, தோசையை மடிப்பது போல மடித்துக் காட்டினார். கீறல் விடவில்லை. தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. துணி சுற்றிய கால் போக வேண்டும் என்பதால் இரண்டு விரல் பெரிதாகவே இருக்கட்டும் என்றார். கடைசியாக என்னைக் கூப்பிட்டார். பூட்ஸின் வாயைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் இரண்டு மடிப்பு மடித்து, "கைய வுடும்மா. முனை வரைக்கும் எட்டுதா?" என்று கேட்டார். தோள் வரைக்கும் விட்டேன். எட்டியது. "ஒங்கப்பனுக்குக் காலும் தெரியாது, வெரலும் தெரியாது. இனிமே நீதான் பாக்கணும். மடியற வரைக்கும்தான் இது பூட்ஸு. வெறைச்சிப் போச்சின்னா தூக்கிக் கடாசிடணும். நெருப்புப் பக்கம் காட்டவே கூடாது" என்றார். அப்பா புளி மூட்டையைப் பிரித்துக் கொடுப்பதில் இருந்தார்; பணத்துக்குப் பதில் புளிதான் பேசியிருந்தது. மாமா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, அந்த வார்த்தைகளைக் கேட்டது நான் ஒருத்திதான்.

ஊரில் அதற்கு "ஆனைக்காலு" என்று பெயர் வைத்தார்கள். அப்பா அதைப் போட்டுக்கொண்டு கரையில் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே தும்பிக்கை ஆட்டிக்கொண்டு வருவார்கள். "மாமா, நீ வலையே வீச வேணாம், ஒன்னப் பாத்து மீனு சிரிச்சே செத்துடும்" என்பார் காளி மாமா. ஆனால் நாணலுக்குள் நீர்க்கோழிக்குக் கண்ணி வைக்கப் போகும்போது அதே பூட்ஸை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போவதும் அவர்தான். ஊர் மூப்பருக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஏரிக்கரையில் கன்னிமார் ஏழு கல்லாக இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் யாரும் செருப்புக் காலோடு இறங்கியதில்லை. "இத்தோட எறங்குனா ஏரி வத்திடும்டா" என்றார். அப்பா தேங்காய் உடைத்து, பூட்ஸை அந்தக் கற்களுக்கு முன்னால் கழுவிக் காட்டி, "எனக்கு இதான் காலு. வேற காலு இல்லீங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூப்பர் கன்னிமாரைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து என் காலைகள் எல்லாம் ஒரே மாதிரி ஆயின. அம்மா விடியும்போதே கூலிக்குப் போய்விடுவாள். அப்பா வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்து காலுக்குத் துணி சுற்றுவார். நான் பூட்ஸின் வாயை மடித்து, கன்னம் ரப்பரில் ஒட்ட, தோள் வரை கையை விட்டு, முனையில் கட்டைவிரல் மேட்டையும் சுண்டுவிரல் பள்ளத்தையும் தடவிப் பார்ப்பேன். சில நாள் சிறு கல் இருக்கும், சில நாள் காய்ந்த நாணல் துண்டு. ஒருமுறை ஒரு தவளை கையில் பிடிபட்டு நான் வீல் என்று கத்த, "அதுவும் மீன் புடிக்க வந்திச்சி போல, வுடு" என்றார். தினமும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பாத்தியா பாப்பா?" நான் சொல்வதும் ஒன்றுதான்: "பாத்துட்டேம்ப்பா." அதற்குப் பிறகுதான் காலை உள்ளே விடுவார். திரும்பி வந்ததும் சேற்றைக் கழுவி, உள்ளே பழைய துணி சுருட்டி வைத்து ஈரத்தை இழுக்க விட்டு, பலா மரத்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுவதும் என் வேலை.

பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளி என்று அம்மா சொல்வாள். அந்த வேலை வந்த பிறகு பயம் எனக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இன்று இடது பூட்ஸைப் பார்த்தோமா, வலதை இரண்டு முறை பார்த்துவிட்டு இடதை விட்டுவிட்டோமா என்று ஒரு சந்தேகம் எழும். எழுந்தால் அது அடங்காது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் பலகையை அப்படியே வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு ஓடியிருக்கிறேன். முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் அப்பாவைக் கரைக்கு வரவைத்து, கழற்றச் சொல்லிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அவர் திட்ட மாட்டார். மூன்றாவது முறை ஓடிவிட்டுத் திரும்பியபோது வாத்தியார், "ஒனக்குப் படிப்பு எதுக்கு? வூட்லயே இருந்துக்கோ" என்றார். இருந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு அப்படித்தான் நின்றது. அதற்காக அன்று நான் அழவில்லை, இனி மறக்காமல் பார்க்கலாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு மழைக்காலம் முழுக்க அந்த பூட்ஸ் அப்பாவின் காலில் ஒரு கீறல்கூட விழவிடவில்லை. அடுத்த கோடையில் ஏரி வற்றியது. சின்ன ஏரி, முன்பும் வற்றியிருக்கிறது. ஆனால் இந்த முறை ஊரே எங்கள் வாசலில் தொங்கிய ஆனைக்காலைத்தான் பார்த்தது. மூப்பர் வழியில் அப்பாவைக் கண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அப்பா அந்தக் கோடை முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வந்து ஏரி நிரம்பி, பழையபடி மீன் கொடுத்தால்தான் ஊரின் வாய் அடங்கும் என்பது அவருடைய கணக்கு. வீட்டில் ராகி அடிமட்டத்துக்கு வந்திருந்தது என்பது அம்மாவின் கணக்கு.

அந்தக் கோடையில் எலி வந்தது. தின்னத் தானியம் இல்லாத எலி, பூட்ஸின் வாரைக் கடித்து வைத்திருந்தது. காலையில் அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று வார், நாளை அடி, அப்புறம் ஓட்டை, ஓட்டை வழியே முள் என்று மனம் அதன்பாட்டுக்கு ஓடியது. எங்கள் மலையில் கெட்டுப்போகக் கூடாதது எதுவாக இருந்தாலும் அது ஏறுவது அடுப்புக்கு மேலே இருக்கும் பரணுக்குத்தான். விதைச் சோளக் கதிர், அவரை விதை, கூடை, ஏர்க் கயிறு, எல்லாம் புகையில்தான் இருக்கும். புகை பட்டதை எலி தொடாது, பூச்சி அரிக்காது. நான் பூட்ஸைக் கொண்டுபோய் பரணின் மூங்கிலில் வாரால் கட்டித் தொங்கவிட்டேன். பட்டாளத்துக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. நெருப்புப் பக்கம் காட்டக் கூடாது என்றுதானே சொன்னார், புகை நெருப்பில்லையே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல எடத்துலதான் கட்டியிருக்க" என்றாள். பரணில் அதற்குப் பக்கத்தில் கொட்டை எடுத்த புளியும் கொட்டைக் கூடையும் இருந்தன. பூட்ஸின் வாய் மேல் பார்த்துத் திறந்திருந்தது.

ஆவணியில் மழை பிடித்து ஒரே வாரத்தில் ஏரி பாதிக்கு வந்தது. பூட்ஸை இறக்கினோம். கரி படிந்து, காய்ந்த பலாத்தோல் மாதிரி இருந்தது. அப்பா விரலால் தடவினார். அந்த விரலுக்கு என்ன தெரியும்? "பொக வாட அடிக்குது, அவ்ளோதான்" என்றார். நான் வாயை மடிக்கப் பார்த்தேன். மடியவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தியும் மடியவில்லை. அப்படியே கையை விட்டேன். தோள் வரை போயும் என் விரல் குதிகாலைத்தான் தொட்டது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சாண் இருட்டு.

"பாத்தியா பாப்பா?"

கரையில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஆனைக்காலு இந்த வருடமும் தண்ணீரில் இறங்குகிறதா என்று பார்க்க. அப்பா வலையைத் தோளில் போட்டுவிட்டார். விறைத்துவிட்டது என்று சொன்னால், எப்படி விறைத்தது என்று கேட்பார்கள். நான் கட்டியது என்று தெரியும். இன்னொரு ஜோடி வாங்கும் அளவுக்குப் புளி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, உலக்கையால் நாலு தட்டுத் தட்டினேன். எதுவும் விழவில்லை.

"பாத்துட்டேம்ப்பா."

ஒன்பது நாள் அப்படிச் சொன்னேன். ஏரி நிரம்பிய அவசரத்தில் அப்பாவும் அந்த ஒன்பது நாளும் காலில் சுற்றிய துணியை அவிழ்க்காமல் அதன்மேலேயே பூட்ஸைப் போட்டுக்கொண்டார். ஒன்பது நாளும் உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய். முதல் நாள் மட்டும்தான் வாய் எடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியம்கூட வந்துவிட்டது. எதற்கெல்லாமோ பயந்து செத்தவளுக்கு, பயப்பட வேண்டிய அந்த ஒன்பது நாளில் பயம் வரவில்லை. காளி மாமா ஊரில் இருந்திருந்தால் கண்ணி வைக்க ஒருநாளாவது இரவல் வாங்கியிருப்பார், காலை விட்டதும் கத்தியிருப்பார். அவர் அந்த வருடம் காப்பித் தோட்ட வேலைக்கு மைசூர்ப் பக்கம் போயிருந்தார். எட்டாம் நாள் பூட்ஸைக் கழுவும்போது மீன் வாடைக்கு நடுவில் வேறொரு வாடை அடித்தது. மீன்தான் என்று நினைத்தேன். இல்லை, மீன்தான் என்று நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். அப்பாவின் வலது காலிலிருந்து அவள்தான் துணியை அவிழ்த்தாள். துணியோடு சதையும் வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. அப்பா அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு, "தண்ணி உள்ள பூந்துக்கிச்சோன்னு நெனைச்சேன்" என்றார். உடம்பு அனலாகக் கொதித்தது. பஸ் நிற்கும் இடம் வரை கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள்தான் கட்டிலின் நான்கு காலையும் பிடித்தார்கள், அதில் ஒரு காலை மூப்பர் பிடித்திருந்தார்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அம்மா ஒருநாள் ஊர் திரும்பி வந்து, அரிவாளால் வலது பூட்ஸைப் பிளந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். வெளியே விறைத்திருந்த ரப்பர், உள்ளே சூட்டில் இளகிப் பிசின் மாதிரி ஆகியிருந்தது. முனையில், கட்டைவிரல் மேடு என்று நான் ஒரு காலத்தில் தடவிப் பார்த்த அதே இடத்தில், ஒரு புளியங்கொட்டை பாதி புதைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் விழாது. விரல் பட்டிருந்தால் தெரிந்திருக்கும். அம்மா அதை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், பிறகு பரணை அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கடைசி வரைக்கும் அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் செய்தது வேறு. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், கேட்காமலேயே, "எங்க பாப்பா டெய்லி கைய வுட்டுப் பாக்கும். அது மேல தப்பே கெடயாது. நடுவுல எப்டியோ பூந்துக்கினுகீது" என்று சொல்லத் தொடங்கினார். கட்டையை ஊன்றிக்கொண்டு கரைக்குப் போய் உட்கார்ந்து, அடுத்தவர்கள் வலை வீசுவதைப் பார்த்துக்கொண்டே அவர்களிடமும் இதையே சொல்வார். பன்னிரண்டு வருடம் சொன்னார். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் எப்படியோ தைரியம் வந்து, "அப்பா, அந்த பூட்ஸு..." என்று ஆரம்பித்தேன். "அத்த வுடு பாப்பா. பூட்ஸு இன்னா பண்ணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரிந்துதான் திருப்பிக்கொண்டாரா, தெரியாமலா? தெரிந்திருந்தால் என்று நினைத்தால் தாங்க முடியவில்லை. தெரியவே தெரியாது என்று நினைத்தால் அதைவிட மோசமாக இருக்கிறது. அவரிடம் கேட்க இனி வழியில்லை.

கண்ணமங்கலத்துக்கு வாழ வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். ஏரிக்கு சிமெண்ட் கரை கட்டிவிட்டார்கள், கன்னிமார் கற்களுக்கு ஓடு பதித்த மேடை வந்துவிட்டது. பிளந்த பூட்ஸின் ஒரு துண்டை அம்மா ஆட்டுப்பட்டிக் கதவின் ஓட்டைக்கு ஒட்டாக அடித்து வைத்திருந்தாள். பட்டியும் இல்லை, கதவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆனைக்காலு என்றால் என்ன என்று சொல்ல ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அந்த நோய்க்கு இப்போது சீக்கிரமே மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள், கால் மரத்துப்போகும் வரை யாரும் விடுவதில்லை என்று சொன்னார்கள். நல்லதுதான்.

பேரன் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறான். அவன் ஷூவை நான் எடுத்துக் கையை விட்டுப் பார்க்காமல் போட விடமாட்டேன். "ஆயா, அதுல ஒண்ணும் இல்ல ஆயா, பஸ் போய்டும்" என்று குதிப்பான். மருமகள் சிரிப்பாள். இன்று காலையும் விட்டுப் பார்த்தேன். சின்ன ஷூ, முனை வரைக்கும் கை நன்றாக எட்டியது. ஒன்றும் இல்லை. அவன் கையை நீட்டினான். கொடுக்காமல் இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன்.